தேனீக்குக் கொடுத்த அபிஷேகத் தேன்

சீனித் தண்ணீரை எத்தனைக்கு எத்தனை கலப்பது, தேன்பெட்டிச் சட்டத்தை எந்தப் பக்கமிருந்து இழுப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு உங்கள் ஃபோனிலேயே ஆயிரம் வீடியோ கிடக்கிறது. பார்த்துப் பழகுங்கள், நாலு தரம் கொட்டு வாங்குங்கள், தன்பாட்டில் வந்துவிடும். நம் குழுவில் புதிதாகத் தேன்பெட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் போன கூட்டத்தில் கேட்டீர்கள். எழுதுவதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிழை. அதைப் பற்றி யாரும் வீடியோ போட்டதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன். மனைவி சரோவும் இரண்டு பெண்பிள்ளைகளும் சென்னையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். நான் புறப்படும்போது பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு ஒன்றரை. கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் படுத்தோம். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது அபூர்வம். என் பெயரை ஒருவரும் கூப்பிடாமலே ஒரு கிழமை, ஏழு நாளும், கழிந்ததுண்டு.

பேப்பர் கடைக் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பாரம் தூக்கக்கூடிய, பயமில்லாத ஆள் தேவையாம். செக்யூரிட்டி வேலை என்று நினைத்து, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் ஆறடிக்கு மேல் உயரமான ஓர் அமெரிக்கர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோட்டைக் கழட்டும். உதுக்குள்ள தேனீ பூந்துதெண்டால் எடுக்கேலாது" என்றார். அவர் பேசியது அமெரிக்க இங்கிலீஷ்தான். ஆனால் என் மனதில் அவர் இத்தனை வருடமாக யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோல் ஷெட்டை விட்டு அவருடைய தேனீ வேலைக்குச் சேர்ந்தேன். அவருடைய குடும்பம் அமெரிக்காவில் மூன்று தலைமுறையாக ராணித் தேனீ வளர்த்து, ரயிலிலும் தபாலிலும் அனுப்பி விற்ற குடும்பம். ஓர் ஆங்கிலேயத் தாதியைக் கட்டி, அவளுக்காக லண்டன் வந்தார். அவள் ஐந்தாறு வருடத்தில் செத்துப்போக, திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே நின்றுவிட்டார். தேனீ என்றால் கிராமத்துச் சமாச்சாரம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். "இந்தப் பட்டணத்தில இருக்கிற பூ எந்தக் கிராமத்தில இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு அலுவலகக் கூரைகளிலும், ரயில் பாதை ஓரத்திலும், கவுன்சில் தோட்டத் துண்டுகளிலும் பெட்டி வைத்தார். சிரித்தவர்கள் பிறகு வந்து தேன் வாங்கினார்கள். ஆப்பிள் பூக்கும் காலத்தில் கெண்ட் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் பெட்டிகளை வாடகைக்கு விட்டார். ஆனால் அவருடைய உயிர் ராணிகளில்தான் இருந்தது. லண்டன் குளிருக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கிற ஒரு வம்சத்தைப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து உண்டாக்கியிருந்தார். ஒவ்வொரு கோடையிலும் தீப்பெட்டி அளவு மரக்கூட்டில் ஒரு ராணியையும் ஏழெட்டுத் தோழிகளையும் அடைத்து நாடு முழுவதும் தபாலில் அனுப்புவார். அப்படி ஒரு தொழிலை லண்டனுக்குள் இருந்து அதற்கு முதல் எவரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

எங்களுக்குள் பேச்சு மிகக் குறைவு. பேசியதெல்லாம் செங்கல்தான். காற்றுக்கு மூடி பறக்காமல் ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு செங்கல் இருக்கும். கல் படுத்திருந்தால் எல்லாம் சுகம். விளிம்பில் நின்றால் சாப்பாடு குறைவு. செங்குத்தாக நின்றால் ராணியைக் காணவில்லை. காலையில் நான் பார்த்துவிட்டுக் கல்லை வைத்துப் போவேன், மாலையில் அவர் வந்து கல்லைப் பார்த்து மிச்சத்தைச் செய்வார். வருடத்தில் இரண்டு மூன்று தரம் அவருக்கு ஓர் இருட்டு வரும். கிழமைக் கணக்கில் கதவைத் திறக்க மாட்டார், தேனீயின் சத்தமே ஆகாது என்பார். அந்த நாள்களில் நான் தனியே எல்லாப் பெட்டிகளையும் பார்த்துவிட்டு, எந்தப் பெட்டியில் கல் எப்படி என்று ஒரு துண்டில் எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளுவேன். மனிதரைத் தேடி ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு வாய்த்த மனிதர் அப்படி. ஆனாலும் அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

மூன்றாவது வருடத்து வசந்தத்தில் இங்கே தங்குவதற்கான என் கடதாசிகள் ஒருவாறு சரிவந்தன. குடும்பத்தைக் கூப்பிட இரண்டு விஷயம் வேண்டும் என்றார் சட்டத்தரணி. நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம். குடும்பம் இருக்க ஓர் இடம். அமெரிக்கரிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் இழுத்தேன். கேட்டபோது அவர் ஒரு தேன்பெட்டிச் சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பட்டறைக்கு மேல ரெண்டு அறை சும்மா கிடக்கு. ராணியளைத் தபாலில போட்டு முடிய கடிதமும் எழுதித் தாறன்." ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைகளின் பழைய சுவர்க்கடதாசியைச் சுரண்ட ஆரம்பித்தேன். சரோவிடம் ஃபோனில் "இன்னும் ஒரு மாசம், கூடினால் ரெண்டு" என்றேன். பின்னால் சின்னவள் கத்துவது கேட்டது.

அதே வசந்தத்தில்தான் அந்தப் பிழையும் நடந்தது.

அப்போது எங்கள் பக்கத்துச் சனம் ஒரு வாடகை மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை வைப்பார்கள். அந்த வருடப் பங்குனி உத்தரத்துக்கு முருகனுக்குப் பெரிய அபிஷேகம். வந்த எல்லோரும் ஆளுக்கொரு போத்தல் தேன் கொண்டுவந்தார்கள், எல்லாம் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த மலிவுத் தேன். ஐயர் போத்தல் போத்தலாக ஊற்றினார். கீழே ஏந்த வைத்தது குழந்தை குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி. பிரசாதம் கொடுத்தது போக இரண்டு வாளி தேன் மிஞ்சிவிட்டது. ஸிங்கில் ஊற்ற முடியாது, குப்பையில் போட முடியாது. சாமிமேல் பட்டதைக் கால் படாத இடத்தில்தான் விட வேண்டும். லண்டனில் கால் படாத இடத்துக்கு எங்கே போவது? மண்டபப் பொறுப்பாளர் கணேசன் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் தேன் வேலைதானே. உதுக்கு ஒரு வழி பாரும்."

எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. வெளியே குளிர், மழை, பூ இல்லை. ஆற்றங்கரைத் தோட்டத்தில் இருந்த பன்னிரண்டு பெட்டிகளில் பாதியில் கல் விளிம்பில் நின்றது. தேனீக்கூட்டைவிடக் கால் படாத இடம் உலகத்தில் உண்டா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அமெரிக்கர் சொல்லியிருந்தார், கடைத் தேனை ஒருநாளும் பெட்டிக்குள் விடாதே என்று. அதைத் தன் தேனின் ருசி கெட்டுப்போகும் என்கிற தொழில் கர்வமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதைவிட, இது கடைத் தேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. முருகனில் வழிந்த தேன் என்ன கெடுதல் செய்யும்? ஒரு வாளியை ஆற்றங்கரைப் பெட்டிகளுக்குப் பங்கிட்டேன். அடுத்த கிழமை இல்ஃபோர்டில் ஒரு கன்னியர் மடத்துப் பின்வளவுக்குப் போக வேண்டியிருந்தது. அமெரிக்கரின் தாய்ப்பெட்டிகள், அந்தப் பன்னிரண்டு வருட வம்சத்தின் நான்கு பெட்டிகள், அங்கேதான் இருந்தன. நல்ல சாமான் நல்ல இடத்துக்குப் போகட்டும் என்று மற்ற வாளியை அங்கே ஊற்றினேன். தேனீக்கள் ஆவலோடு குடித்தன. எல்லாக் கல்லையும் படுக்க வைத்துவிட்டு, புண்ணியம் செய்த நிறைவோடு ரயிலேறினேன்.

ஆறு ஏழு கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை, ஆற்றங்கரையில் மூன்றாவது பெட்டியைத் திறந்தேன். ஒரு வாடை முகத்தில் அடித்தது. புழு அறைகளின் மூடிகள் உள்ளே குழிந்து, எண்ணெய் பட்டதுபோல் கறுத்து, ஓட்டை விழுந்திருந்தன. ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தேன். புழு இருக்க வேண்டிய இடத்திலிருந்து கோந்து மாதிரி நூலாக இழுபட்டு வந்தது. அந்த நோயை அதுவரை ஒரு புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தேன். மருந்து கிடையாது, நெருப்புத்தான். தேனீக்கு அந்த நோய் பெரும்பாலும் எங்கிருந்து வருமென்றும் அதே புத்தகத்தில் இருந்தது. ஊர் பேர் தெரியாத தேனிலிருந்து.

அமெரிக்கரிடம் ஓடிப்போய் நோய் என்று சொன்னேன். தேனைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அரசாங்கப் பரிசோதகருக்குத் தானே ஃபோன் எடுத்தார். மறைக்கிற பழக்கமே அந்த மனிதருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பரிசோதகர் வந்தார், நடுவயதுப் பெண், அமைதியான ஆள். பன்னிரண்டில் ஏழு பெட்டிக்கு நோய் என்றார். பிறகு குறிப்புக் கொப்பியைத் திறந்து, "என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"சீனித் தண்ணி. வேற ஒண்டும் இல்லை" என்றார் அமெரிக்கர்.

"வெளித் தேன்?"

"என்ர சீவியத்தில ஒரு கரண்டி குடுத்ததில்லை. உதுக்கு நான் சத்தியம் பண்ணுறன். என்ர ஆளையும் கேளுங்கோ."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம், நம்முடைய அந்தத் தலையாட்டல். பரிசோதகர் அதை, அமெரிக்கர் சொன்னது சரி என்பதாக எழுதிக்கொண்டார். பெட்டிகள் வேறு எங்கே இருக்கின்றன என்று விசாரித்தார். இல்ஃபோர்ட் என்றதும், அவ்வளவு தூரத்துக்குத் தேனீ பறக்காது, சாப்பாட்டிலும் பிழையில்லை, ஆகவே அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். ஆற்றங்கரைப் பெட்டிகள் மட்டும் அசையக் கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பொழுதுபட, எல்லாத் தேனீயும் வீடு திரும்பிய பிறகு, வாசல்களை அடைத்தோம். பெற்றோல் ஊற்றினோம். உள்ளே எழுந்த சத்தம் சில விநாடியில் நின்றது. கிடங்கு வெட்டி ஏழையும் போட்டுக் கொளுத்தினோம். தேன் உருகி எரிகிற மணம் என் சட்டையில் ஏறிவிட்டது. அமெரிக்கர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"நல்ல காலம், இல்ஃபோர்ட் தப்பீட்டுது. திங்கட்கிழமை அங்கத்தைய முப்பது ராணி தபாலில போகுது. அது முடிய உம்மட கடிதத்தை எழுதுவம்" என்றார்.

இப்போது நான் எங்கே நின்றேன் என்று பாருங்கள். வாய் திறந்தால் கடிதம் போகும், அறை போகும், சரோவும் பிள்ளைகளும் சென்னையிலேயே. வாய் திறக்காவிட்டால் நோய்க்கிருமி முப்பது மரக்கூட்டில் ஏறி, முப்பது ஊர்களில், முப்பது அப்பாவிகளின் தோட்டத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை இல்ஃபோர்ட் பெட்டிகளுக்கு நோய் வராமல் இருக்கலாம். ஒருவேளை ராணியோடு கிருமி போகாமல் இருக்கலாம். கடிதம் கைக்கு வந்த பிறகு சொன்னால் என்ன? வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன். அன்றிரவு என் அறையில் மற்ற மூவரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். கேட்டுச் சொல்ல ஒரு சீவன் இல்லை.

ஞாயிறு காலை பட்டறைக்குப் போனேன். அவர் மரக்கூடுகளில் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முருகனுக்கு ஏன் தேன் ஊற்றுகிறோம், ஏன் அதைக் குப்பையில் போட முடியாது என்பதையும் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"இல்ஃபோர்டிலயும் ஊத்தினீரோ?"

"ஓம்."

"நாலுக்குமோ?"

"நாலுக்கும்."

உடனே பரிசோதகரின் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். மறுநாள் இல்ஃபோர்டில் இரண்டு பெட்டியில் தீக்குச்சி நூல் இழுத்தது. மற்ற இரண்டையும் வைத்துப் பார்க்கலாம் என்று பரிசோதகர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கன்னியர் மடத்து வளவில் நான்கையும் எரித்தார், முப்பது மரக்கூட்டையும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார். பன்னிரண்டு வருடம். நான் உதவப் போனபோது கையால் தடுத்தார்.

அவருடைய வான் வண்டிக்குத் திரும்பி நடக்கும்போதுதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டம்.

"நீர் தேன் குடுத்தது பிழை. பிழை ஆரும் விடுறதுதான், நானும் விட்டிருக்கிறன். வியாழக்கிழமை வந்து சொல்லியிருந்தால் ரெண்டு பேருமா நிண்டு எரிச்சிருப்பம், கடிதமும் எழுதியிருப்பன். ஆனால் வெள்ளிக்கிழமை நான் அந்த மனுசிக்குச் சத்தியம் பண்ணேக்க நீர் எனக்குப் பக்கத்தில நிண்டீர். என்னைப் பொய்யன் ஆக்கிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டீர்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"மன்னிக்கலாம். ஆனால் இனி நீர் வைக்கிற கல்லை என்னால நம்பேலாது."

அன்றோடு வேலை முடிந்தது. அவர் அடுத்த வருடமே பட்டறையை மூடிவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டதாகச் தேன்பெட்டிச் சட்டம் விற்கிற கடைக்காரர் சொன்னார். விலாசம் கேட்டேன், அவரிடமும் இல்லை. நான் திரும்பவும் பெற்றோல் ஷெட். பக்கத்தில் ஒரு தோட்டத் துண்டு எடுத்து மூன்று பெட்டி வைத்தேன். அவற்றோடு மட்டும் பேசினேன். கடிதமும் வீடும் வேறு வழியில் பொருந்திவர இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடமும் ஞாயிறுதோறும் சரோவுக்கு ஃபோனில் ஒரே பதில்தான்: பேப்பர் பிந்துது, வந்திடும், அடுத்த மாசம். ஹீத்ரோவில் சின்னவள் என்னைப் பார்த்துத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எனக்கு நடக்கவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லுங்கள். உங்கள் மௌனத்தை நம்பி இன்னொருவர் வாக்குக் கொடுக்கும்வரை விடாதீர்கள்.

இந்த இடத்தோடு முடித்து உங்களிடம் தந்திருப்பேன். ஆனால் இதைச் சரோ ஒருநாளும் அறிந்ததில்லை. நீங்கள் வாசித்து யாராவது அவளிடம் கேட்டால் நன்றாயிராது என்று, நேற்று மத்தியானம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த கிழமைக்கான என் மருந்துக் குளிசைகளை நாள் நாளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்கு வந்தபோது கை நின்றது.

"அப்ப பேப்பர் பிந்தினது உதாலையோ?"

"ஓம்."

"நான் அந்த ஒப்பீஸ்காரரைத் திட்டாத நாள் இல்லை."

"தெரியும்."

"ரெண்டு வருஷமாகும் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீ கவலைப்படுவாய் எண்டு சொல்லேல்லை."

புதன்கிழமைக் குளிசையைப் போட்டு மூடினாள். பிறகு சொன்னாள்: "அடுத்த மாசம் போறம் எண்டு நம்பிப் பெரியவளைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டினனான். பிறகு அடுத்த மாசம், பிறகு அடுத்த மாசம். ரெண்டு வருஷம் அவள் படியில இருந்து மற்றப் பிள்ளையள் புத்தகத்தோட போறதைப் பாத்துக்கொண்டிருந்தவள்."

"நான் கேக்கேக்கெல்லாம் போறாள் எண்டுதானே சொன்னனீ?"

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டு."

பெரியவள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து வருடக்கணக்காகத் திணறினாள். மேலே படிக்க மாட்டேன் என்று பதினாறு வயதில் கடையில் வேலைக்குப் போனாள். கணக்கு வாத்தியாரின் பிள்ளைக்குக் கூட்டல் வரவில்லையே என்று நான் அவளை ஏசிய ஏச்செல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. சரோ ஃபோனை எடுத்து, பெரியவளின் நம்பரை அழுத்தி, என் முன்னால் வைத்தாள்.

"நீங்கள்தான் சொல்லவேணும். இண்டைக்கே சொல்லுங்கோ" என்றாள்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கோ அப்பா" என்றாள்.